மூன்றாவது துவையலில் வரும் சீப்பு

இந்த ஊரில் அழுக்குத் துணி துவைக்க முதலில் பேனா வேண்டும். நான் குடியிருக்கும் கட்டடத்துக்கு அடியில், படியிறங்கிப் போனால் வருகிற நிலவறையில், எட்டு வீட்டுக்காரர்களின் வாஷிங் மெஷின்களும் வரிசையாக நிற்கின்றன. சுவரில் ஒரு தாள். அதற்கு வாஷ்பிளான் என்று பெயர். யார் எந்தக் கிழமை எந்த மணிக்குத் துவைக்கலாம் என்று அதில் கட்டம் போட்டிருக்கும். நம் கட்டத்தில் நாம் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குச் சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டமே கிடையாது. அன்றைக்கு மெஷின் ஓடினால் அக்கம்பக்கத்தாரின் அமைதி கெடுமாம். வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு ஞாயிறு காலை மெஷினைப் போட்டுவிட்டேன். கட்டடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர், லேமான் என்று பெயர், கீழே இறங்கி வந்தார். கண்ணாடிக்குள் சுற்றுகிற என் சட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்றைக்கு ஞாயிறு" என்றார். நான் சந்தோஷமாக, "ஆமாம், நாளைக்குத் திங்கள்" என்றேன். அப்போது எனக்கு ஜெர்மன் மொழியில் சரளமாக வந்தது கிழமைகள் மட்டும்தான்.

நான் ராஜபாளையம் பக்கம். இப்போது ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்தில் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் செய்த பம்புகளை டெஸ்ட் பெஞ்சில் பூட்டி, எவ்வளவு தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு நேரத்தில் தள்ளுகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் மூன்றாம் வகுப்பிலிருந்தே எங்கள் தெருவுக்கு வருகிற எந்தக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். ரேஷன் கடை ஃபாரம், மாத்திரை அட்டை, கரண்டு ஆபீஸ் நோட்டீஸ் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லியிருக்கிறேன். புரியாததையும் வாசித்திருக்கிறேன். தெரியாது என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும் என்பதற்காகக் கொஞ்சம் சொந்தமாகச் சேர்த்தும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் விசைத்தறி ஓடாத வீடு குறைவு. நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல, பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற, இழைகளுக்கு நடுவே கண் கண்ணாகத் தெரிகிற மெல்லிய வெள்ளைத் துணி. அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா பிளீச்சிங் பட்டறையில் துணியை வெளுக்கப் போவாள். தறியில் கழிவாகிப்போன துண்டுகள் ஒவ்வொரு வீட்டிலும் மூட்டையாகக் கிடக்கும். பால் வடிகட்ட அதுதான், மாவு சலிக்க அதுதான், சாமி படம் துடைக்க அதுதான். முக்கியமாக, குழாய் என்று ஒன்று இருந்தால் அதன் வாயில் ஒரு துண்டு பேண்டேஜ் கட்டியிருக்கும். நாலைந்து நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீரில் மண்ணும் துருவும் சேர்ந்தே வரும். ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு; அன்றைக்கு எல்லாக் குழாய்த் துணியையும் அவிழ்த்து அலசிவிட்டுப் புதுசு கட்டுவார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி, குழாய்க்குத் துணி.

நான் இங்கே வந்த பிறகும் அந்தத் துணி என்னை விடவில்லை. அம்மா ஊறுகாய் பாட்டில்களைச் சுற்றி அனுப்புவது அதில்தான். நிலவறையில் எல்லா மெஷினின் கழிவுத் தண்ணீரும் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டியில் விழும். தொட்டியில் பஞ்சு சேர்கிறது என்று லேமான் ஒரு தாள் ஒட்டியிருந்தார். எனக்கு மனசு கேட்குமா? ஊறுகாய் சுற்றி வந்த துணியில் ஒரு துண்டு கிழித்து, என் மெஷினின் வடிகுழாய் முனையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டேன். அடுத்த வாரம் லேமான் அதைக் கண்டார். "இது என்ன?" "பேண்டேஜ்." அவர் மெஷினை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடிபட்டுவிட்டதா?" என்றார். சிரிக்கவில்லை. பஞ்சு, வடிகட்டி என்பதற்கெல்லாம் ஜெர்மன் வார்த்தை எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை. "இல்லை, எங்கள் ஊரில் எல்லாரும் கட்டுவோம். அம்மா கட்டுவாள். அவள் அம்மாவும் கட்டுவாள்" என்றேன். அவர் முகம் சட்டென்று மரியாதையானது. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் என் குழாயை யாரும் தொடுவதில்லை. இரண்டாம் மாடி அம்மையார் ஒருநாள் தன் துணிக்கூடை அதில் பட்டுவிட்டதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் பெரிய மனதோடு மன்னித்தேன்.

இப்போது அம்மாவின் கைக்கு வருகிறேன். பட்டறையில் பல வருடம் பிளீச்சிங் தண்ணீரில் கிடந்த கை. போன வருடம் உள்ளங்கை முழுக்க வெடித்து, விரல் இடுக்குகளில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் காயத்துத் துணி வெளுத்துக் கொடுத்தவள் தன் கையில் அதையே சுற்றிக்கொண்டு திரிந்தாள். அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அத்தான் அங்கே டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவர்கள் அம்மாவை அங்குள்ள தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் சொன்னது ரொம்பச் சுருக்கம். பட்டறைக்குப் போகக்கூடாது. சோப்புத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது. வைத்தால் இந்தக் காயம் ஆறாது, விரலை மடக்க முடியாமல் போய்விடும்.

பட்டறையை அம்மா விட்டாள். துவைகல்லை விடவில்லை. "துணி துவைக்காம என்னத்த உடுத்துறது?" என்றாள். எனக்கு வழி தெரிந்துவிட்டது. மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். தமிழில் இருக்கிற, இங்கிலீஷில் இருக்கிற வீடியோவெல்லாம் பார்த்து, முன்பக்கம் கதவு வைத்த ஒரு மெஷினைத் தேர்ந்தெடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் சொல்லி, அத்தான் மேற்பார்வையில் வீட்டில் இறக்க வைத்தேன். கழிவுத் தண்ணீர்க் குழாய் ஜன்னல் வழியாக வெளியே போய்ப் பின்னால் நிற்கிற வாழைக்குப் பாயும்படி ஏற்பாடு. அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தண்ணிய வாழைக்கு விடுதுல்ல, அப்பஞ் சரி" என்றாள். மெஷினில் அவளுக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான்.

திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று துவையல். திங்களும் புதனும் நன்றாக ஓடியது. வெள்ளிக்கிழமை அம்மாவிடமிருந்து ஃபோன்.

"யய்யா, மிஷினு தண்ணிய வெளிய விட மாட்டேங்கு. நெத்தியில ஒரு சீப்பும் ரெண்டும் வருது."

"ரெண்டு சீப்பா?"

"சீப்பு ஒண்ணுதான். பொறவு ரெண்டு."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் அம்மாவுக்கு எண் தெரியும். பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறவள். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. மெஷின் முகப்பின் சின்னத் திரையில் வருகிற E என்ற எழுத்து அவளுக்குப் பல் விழாத சீப்பு. ஈ-இரண்டு என்றால் தண்ணீர் வடியவில்லை என்று அர்த்தம். அன்றிலிருந்து அந்தக் கோளாறுக்கு எங்கள் வீட்டில் சீப்பு என்றே பெயர்.

சீப்பு வந்தால் கதவு திறக்காது. தண்ணீரை எப்படியாவது இறக்கிக் கதவைத் திறந்தால், உள்ளே துணியெல்லாம் சோப்பில் ஊறிக்கிடக்கும். அதை யார் எடுத்து அலசுவது? அம்மா. கை படக்கூடாத தண்ணீர் எதுவோ அதிலேயே முழங்கை வரை விட்டு எடுத்திருக்கிறாள். இதை அவள் சொல்லவில்லை. வீடியோ காலில் இடது கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு பேசியபோது நானாகக் கேட்டேன். "ஒண்ணுமில்ல, லேசா எரியுது" என்றாள். மெஷின் வாங்கிக் கொடுத்து அவள் கையை நானே கெடுக்கிறேன்.

சனிக்கிழமை அத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கில் பையோடு வந்து இறங்கினார். நான் இங்கே நிலவறையில் என் மெஷின் ஓட, ஃபோனைப் பிடித்தபடி நின்றேன். "அத்தான், முன்னால கீழ ஒரு சின்னக் கதவு இருக்கும். அதுக்குள்ள பம்ப் ஃபில்டர். திறக்கிறதுக்கு முன்னால ஒரு தட்டு..."

"மாப்ள, நான் எத்தன கார்புரேட்டர் கழட்டியிருக்கேன். இதுக்கெல்லாம் தட்டு எதுக்கு?" என்று திருகினார்.

ஓட்டிப் பார்க்க என்று அவரே மறுபடி நிரப்பியிருந்த தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. ஃபோன் திரையில் கொஞ்ச நேரம் உத்தரம் தெரிந்தது, பிறகு அப்பாவின் கால்கள் தெரிந்தன. அப்பா நாற்காலிமேல் ஏறி நின்று, "ஏலே, வாசலுக்குப் போயிருச்சுலே! அரிசி மூட்டையத் தூக்குங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். வெள்ளம் வடிந்ததும் அத்தான் ஃபில்டருக்குள் விரலை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து ஃபோனில் காட்டினார். இரண்டு ஊக்கு, ஒரு சட்டைப் பித்தான், அப்பா தொலைத்த மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ. "பாத்தீரா, குத்தவாளிய!" என்றார். எல்லாருக்கும் திருப்தி. டீ குடித்துக் கலைந்தோம். திங்கள் ஓடியது. புதன் ஓடியது. வெள்ளிக்கிழமை சீப்பு.

இங்கேதான் நான் படித்தவனாக மாறினேன். எழுத்து தெரியாதவர்களுக்காகப் படம் போட்டே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்து அனுப்பினேன். சோப்புப் பொடி அளவுக்கு ஒரு கரண்டி. குழாய் மடங்கக்கூடாது என்பதற்குப் பாம்பு போல ஒரு படம், அதன் மேல் பெருக்கல் குறி. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள பாம்பு வராதுலே, இது எதுக்கு?" என்று கேட்டார். கம்பெனியில் எழுதுவது மாதிரியே எந்தத் துவையலில் எந்த நிமிடத்தில் சீப்பு வருகிறது என்று வரைபடம் போட்டேன். மூன்றாவது துவையல். எப்போதும் மூன்றாவது. வெள்ளிக்கிழமை கரண்டு வோல்டேஜ் குறைகிறதோ என்று யோசித்தேன். அத்தான் வெள்ளிக்கிழமை ராகு காலத்தைச் சந்தேகப்பட்டார். அதையும் வரைபடத்தில் குறித்து வைத்தேன், விட மனமில்லாமல்.

"அம்மா, வெளிய தண்ணி விழுற எடத்துல குழாய் வாய் ஃப்ரீயா இருக்கா? எதுவும் அடைக்கலையே?"

"ஃப்ரீயாத்தான் இருக்கு. என்னத்த அடைக்கப் போவுது?"

நம்பாமல் ஃபோட்டோ கேட்டேன். அப்பா மூன்று அனுப்பினார். முதலாவதில் அவர் கட்டைவிரல். இரண்டாவதில் வாழை. மூன்றாவதில் குழாய் முனை. பெரிதாக்கிப் பார்த்தேன். மடங்கவில்லை, மண்ணில் புதையவில்லை, உயரம் சரி. நம் வீட்டுக் குழாய் முனை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. குறை இல்லை என்று டிக் அடித்தேன்.

மூன்றாவது வாரம் மெஷின் கம்பெனியின் மெக்கானிக்கை வரவழைத்தேன். நான்கு முறை ஃபோன் செய்து, புகார் எண் வாங்கிய பிறகு, சனிக்கிழமை அவர் வந்தார். முந்தின நாள் வரை முரண்டு பிடித்த மெஷின் அவர் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தண்ணீரைக் கொட்டியது. "மிஷின்ல ஒண்ணுமில்ல. ஆளுக சரியாப் பயன்படுத்தணும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அன்றைக்கு வந்த ஃபோனில் குரல் வேறு மாதிரி இருந்தது.

"யய்யா, எனக்குப் படிப்பு இல்ல, அதுக்கும் தெரிஞ்சு போச்சு. படிச்ச ஆளு வந்தா நல்லா ஓடுது. நான் தொட்டா நிக்கி. இன்னும் ஒரு வாரம் பாப்பேன். பொறவு அதை உங்கக்கா வீட்டுக்கு ஏத்தி விட்டுருவேன். எங் கல்லு எனக்குப் போதும்."

"ம்மா, டாக்டர் சொன்னது..."

"டாக்டரு துவைக்க வருவாரா?"

ஒரு நாளைக்குப் பத்து பம்பு டெஸ்ட் செய்கிறேன். அந்த வாரம் ஒவ்வொரு பம்பையும் பூட்டும்போது அம்மாவின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. மடங்காத விரலோடு அவள் எப்படிச் சோறு பிசைவாள் என்று நினைத்துக்கொண்டே ஒரு பம்பைத் தலைகீழாகப் பூட்டி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளியும் சீப்பு வந்தது. சனிக்கிழமை அத்தான் பைக்கில் வரவில்லை, லோடு ஆட்டோவில் வந்தார். மெஷினை ஏற்ற. நான் நிலவறையில் என் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபோனை எடுத்தபோது, அங்கே வீட்டு வாசலில் ஆட்டோ பின்பக்கம் திறந்து நின்றது. அத்தான் கயிறு உதறிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் துக்கம் இருந்தது. ஆனால் அக்கா ஏற்கெனவே மெஷினுக்கு இடம் ஒதுக்கிவிட்டாள் என்பதும் அதே முகத்தில் தெரிந்தது.

"ஒரே ஒரு நிமிஷம்" என்றேன். "கடைசியா ஒண்ணு பாத்திருவோம். நல்ல பம்ப்புன்னா தண்ணி எம்புட்டு வேகமா வரணும்னு எம் மெஷின்ல காட்டுறேன். நம்ம மெஷின்ல அதுல பாதியாவது வருதான்னு சொல்லுங்க." என் மெஷின் அப்போதுதான் தண்ணீரை வெளியேற்ற ஆரம்பித்திருந்தது. ஃபோனைச் சிமெண்டுத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். குழாயிலிருந்து தண்ணீர் பொங்கிக்கொண்டு விழுந்தது. அங்கே நான்கைந்து பேர் ஒரே ஃபோனுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"யய்யா, செத்த இரு" என்றாள் அம்மா. "போன இன்னுங் கொஞ்சம் கீழ காட்டு. அது நம்ம துணிதான?"

"எது?"

"குழாய் வாயில கட்டிருக்கியே."

"ஆமாம்மா. நீ ஊறுகாய் பாட்டில்ல சுத்தி அனுப்புனது."

"எதுக்குக் கட்டுன?"

"பஞ்சு தொட்டியில விழக்கூடாதுன்னு."

"எப்ப எப்ப மாத்துவ?"

"ஒவ்வொரு வாட்டியும் அவுத்து அழுக்குத் துணியோட போட்டுருவேன். வேற கட்டுவேன்."

அம்மா ஃபோனை விட்டுத் திரும்பி அப்பாவிடம், "கேட்டியளா? அவன் ஒவ்வொரு வாட்டியும் மாத்துதானாம். நான் ஞாயித்துக்கெழமைதான மாத்துதேன்" என்றாள்.

"எதை?" என்றேன்.

"அதான், குழாய்த் துணிய."

"எந்தக் குழாய்த் துணிய?"

"எல்லாக் குழாய்த் துணியுந்தான். மிஷினு குழாய் மட்டும் என்ன, மேலருந்து வந்துச்சா? ஒங்கப்பா வேட்டி பூராத் தறிப் பஞ்சு. அம்புட்டும் வாழ மூட்டுல போயி விழுந்து, பக்கத்து வீட்டுக் கோழி கொத்துது. அவ வந்து எங் கோழிக்கு ஏதாவது ஆனா யாரு பதில் சொல்லுவான்னு நிக்கா. நான் ஒரு துணியக் கட்டுனேன்."

மனசுக்குள் வரைபடத்தை மறுபடி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை புதுத் துணி. திங்கள் பஞ்சு கால்வாசி, புதன் முக்கால்வாசி, வெள்ளி முழு அடைப்பு. ஞாயிற்றுக்கிழமை மறுபடி புதுத் துணி. என் வரைபடம் முழுவதும் இருந்தது அந்த ஒரு துண்டுத் துணிதான்.

"அப்போ அந்த மெக்கானிக் வந்த அன்னைக்கு?"

"வெளியாளு வாராரு. அழுக்குத் துணி தொங்குனா நம்மள என்ன நெனைப்பாரு? அவுத்துட்டு நல்ல துணி கட்டுனேன்."

"குழாய் வாய் ஃப்ரீயா இருக்கான்னு கேட்டேனேம்மா!"

"ஃப்ரீயாத்தான இருந்துச்சு. துணிதான கட்டிருந்துச்சு."

அவள் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் தெருவில் யாரிடம் கேட்டாலும் அதே பதில்தான் வந்திருக்கும். துணி குழாயின் ஒரு பகுதி. அடைப்பு என்றால் கல், மண், தவளை. ஃபோட்டோவில் அதைப் பார்த்த எனக்கே அது கண்ணில் படவில்லை. டெஸ்ட் பெஞ்சில் ஒரு பம்ப் தண்ணீர் தள்ளவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது வெளியேறும் முனையைத்தான். அந்தப் படிப்பெல்லாம் சரி, பேண்டேஜ் துணியைப் பார்த்ததும் என் கண்ணும் எங்கள் தெருக் கண்ணாகிவிட்டது. ஒரு மாதம் அவள் கை எரிந்ததற்குக் காரணம் அவள் படிக்காதது என்றே உள்ளுக்குள் நினைத்திருந்தேன் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அப்பா வாழைப்பக்கம் ஓடினார். மெஷினுக்குள் வெள்ளிக்கிழமைத் தண்ணீரும் துணியும் இன்னும் அப்படியே நின்றன. பம்ப்பை ஓட்டுகிற பொத்தானை அமுக்கச் சொன்னேன். முனையில் இருந்தது துணியாகவே இல்லை, பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தது. அப்பா ஒரு கையால் குழாயைத் தன் பக்கம் பிடித்துக்கொண்டு மறு கையால் முடிச்சை அவிழ்த்தார். அடுத்த கணம் அவர் வேட்டி, சட்டை, வாழை, பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் நனைந்துவிட்டன. கோழி கத்திய கத்து இங்கே நிலவறைச் சுவரில் எதிரொலித்தது. "ஏலே! ஆறு மாதிரி வருதுலே!" என்றார் அப்பா, முகத்தை வழித்துக்கொண்டே. உள்ளே மெஷின் நெற்றியில் சீப்பு மறைந்து, துணி பிழிகிற சத்தம் எழுந்தது.

அத்தான் கயிற்றைச் சுருட்டினார். "அப்போ வண்டிய வெறுமனேவா திருப்பிட்டுப் போறது, அத்தை?"

அம்மா முற்றத்தைப் பார்த்தாள். அவளுடைய துவைகல் அங்கேதான் கிடந்தது. நடுவில் குழிந்து, ஓரம் வழவழவென்று. அவள் அதைப் பார்த்த மாதிரி என்னை ஒருநாளும் பார்த்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

"வெறுமனே எதுக்குப் போகணும்? கல்ல ஏத்துங்க" என்றாள்.

"கல்லையா?"

"அது கெடந்தா எங் கை சும்மா கெடக்காது. ஒரு ஜாக்கெட்டுன்னு போவேன், பொறவு பெட்ஷீட்டும் போயிரும். ஏத்துங்க சீக்கிரம், மனசு மாறிறப் போவுது."

நாலு பேர் சேர்ந்து கல்லை ஏற்றினார்கள். ஆட்டோவின் பின்பக்கம் இறங்கி முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டது. அரைமணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்கா என்னை அழைத்தாள். "ஏல, நீ அங்க உக்காந்துக்கிட்டு என்ன வேல பாக்க? மிஷினு வருதுன்னு நான் பாத்ரூம் பக்கம் எடம் ஒதுக்கி, பக்கத்து வீட்டுக்காரிக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். உங்க அத்தான் கல்ல எறக்குதாரு!" அந்தக் கல் இன்றைக்கும் அவள் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. அத்தான் அதன்மேல் உட்கார்ந்து பைக் பிளக் துடைக்கிறார்.

அவர்கள் ஃபோனை வைத்த பிறகு நான் என் மெஷினின் குழாய்த் துணியை அவிழ்த்தேன். எனக்கு அதில் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. ஆனாலும் இனிமேல் அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும், நிலவறையில் தனியாகச் சிரித்தால் லேமான் ஏதாவது நினைப்பார். நினைத்த மாதிரியே படியில் அவர் வந்தார். என் கையில் இருந்த ஈரத் துணியையும் வெறுங்குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பண்டிகை முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். ஒரு வருடமாக அவர் மற்றவர்களிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. எல்லாவற்றையும் விளக்கலாம் என்று வாயெடுத்தேன். தறி, பஞ்சு, கோழி, கல். இப்போது எனக்கு அதற்கான ஜெர்மன் வார்த்தைகள் தெரியும். ஆனால் அவர் அவ்வளவு மரியாதையோடு நின்றார். "முடிந்தது. நன்றாக நடந்தது" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் சீப்பு வரவில்லை. அம்மா துணி கட்டுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு துவையலுக்கும் மாற்றுகிறாள், என் வழக்கப்படி என்று எல்லாரிடமும் சொல்கிறாள். போன வாரம் வீடியோ காலில் கையைக் காட்டு என்றேன். அவள் உள்ளங்கையை ஃபோனுக்கு வெகு அருகில் கொண்டுவந்து வைத்ததில் திரை முழுக்கச் சிவப்பு இருட்டாகிவிட்டது. "பாத்தியா?" என்றாள். "ஒண்ணும் தெரியலம்மா, தள்ளிப் பிடி" என்றேன். தள்ளிப் பிடித்தாள். வெடிப்புகள் கோடுகளாக மங்கியிருந்தன. நடுவிரலை மடக்கிக் காட்டினாள். பிறகு மோதிரவிரலை. அது முக்கால்வாசிதான் மடங்கியது. "வரும்" என்றாள், மெஷினிடம் சொல்கிற மாதிரி.

அன்றைக்கு நிலவறையில் அவிழ்த்த துணியை எறிய எனக்குக் கை வரவில்லை. மேலே கொண்டுவந்து சமையலறைக் குழாயில் கட்டினேன். இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். மண் கிடையாது, துரு கிடையாது. எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் துணி காவி நிறமாகிவிடும். இங்கே அது வெள்ளையாகவே இருக்கிறது, தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு ஏறிக் கொஞ்சம் விறைத்துப்போய், குழாய் வாயின் வடிவத்திலேயே. ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டடம் முழுக்க எந்த மெஷினும் ஓடாத அமைதியில், அதை அவிழ்த்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் உதறிப் பார்க்கிறேன். ஒன்றும் விழுவதில்லை. வேறு துண்டு எடுத்துக் கட்டுகிறேன்.